மடித்து வைத்த சீட்டு

2021 டிசம்பரிலிருந்து அடுத்த ஆண்டு ஆடி மாதம் வரை என் கைப்பையின் உள்ளறையில் ஒரு பரிசோதனைச் சீட்டு நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, கூடவே மூன்று மாதச் சராசரி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. பரிசோதனை நிலையம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவார்கள். நேரமில்லை என்று சொல்ல வழியில்லை, பணமில்லை என்றும் சொல்ல வழியில்லை. நான் கணித ஆசிரியை. என் தகப்பனார் சர்க்கரை நோயால் இரண்டு கால்விரல்களை இழந்ததை அருகிலிருந்து பார்த்தவள். அவர் காலமான பிறகு அந்த நோயைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவள். அப்படிப்பட்ட நான், மூன்று எண்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக எட்டு மாதங்கள் அந்தக் கட்டடத்தின் முன்னால் வண்டியைச் சற்று வேகமாக ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்த எட்டு மாதங்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நான் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி. இரவு ஒன்பது மணிக்குக் கடையடைத்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பேரேட்டை விரித்து உட்கார்ந்தால், வரவும் செலவும் நேராகும் வரை எழுந்திருக்க மாட்டார். கணக்கு மூன்று ரூபாய் இடித்தாலும் அந்த மூன்று ரூபாய் எங்கே போயிற்று என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். தெரியாமல் இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது என்றுதான் சிறுவயதில் அவரைப் பற்றி நான் நினைத்திருந்தேன். அதே மனிதர் தம் உடம்பின் கணக்கை மட்டும் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் திறந்து பார்க்கவில்லை.

காரணம் பெரியப்பா. 1998இல் பெரியப்பாவின் பாதத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. மருத்துவமனைக்குப் போனபோது முதன்முறையாக இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை என்றார்கள். அடுத்த மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆண்டு திரும்புவதற்குள் அவர் போய்விட்டார். அப்பாவைவிட ஆறு வயது மூத்தவர், நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கியவர். அந்தச் சாவுக்குப் பிறகு யாராவது அப்பாவிடம் பரிசோதனையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வரும்: "டெஸ்ட்டு எடுக்குற வரைக்கும் அண்ணன் நல்லாத்தானம்மா இருந்தாரு. எடுத்த அன்னைக்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சது."

நான் பல வருடங்கள் இதைப் படிப்பறிவில்லாத பேச்சு என்று நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டும் இருக்கிறேன். இன்று அந்தக் கேள்வியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பா கண்ணை மூடவில்லை. தம் கண்ணெதிரே நடந்ததை நடந்த வரிசையிலேயே பார்த்தார். முதலில் பரிசோதனை, அதற்குப் பின் ஊசி, அதற்குப் பின் அறுவை, அதற்குப் பின் பாடை. நோய் அதற்குமுன் பல ஆண்டுகளாகப் பெரியப்பாவின் நரம்புகளையும் இரத்தக்குழாய்களையும் தின்றுகொண்டிருந்தது என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தெரிந்த முதல் நிகழ்ச்சி அந்தப் பரிசோதனைதான். மிகவும் தாமதமாக வந்த அறிவு, துன்பத்துக்குக் காரணமே தான்தான் என்பது போன்ற தோற்றத்தோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அதைக் கண்டு பயந்த அடுத்தவரும் தாமதமாகவே தெரிந்துகொள்வார். அவருடைய முடிவும் அதே வரிசையில் அமையும். அதைப் பார்த்து அதற்கடுத்தவர் பயப்படுவார். ஒரு குடும்பத்துக்குள் அறியாமை சொத்தைப் போலக் கைமாறுவது இப்படித்தான் என்று எனக்கு விளங்கவே பல காலமாயிற்று.

பிரிட்டனில் 23 மையங்களில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரைக் கொண்டு 1977இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. பெரியப்பா இறந்ததும் அந்த ஆண்டுக் கணக்கில்தான். நோய் கண்டறியப்பட்ட வேளையிலேயே அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கண், நரம்பு, இரத்தக்குழாய் என்று எங்காவது ஒரு பாதிப்பின் தடயம் இருந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தவர்களிடம், கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நுண்குழாய்ப் பாதிப்புகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் குறைந்திருந்தன. இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல மருத்துவ வசதியுள்ள நாட்டிலேயே பாதிப்பேர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பது ஒருபுறம். தெரிந்துகொண்டால் செய்வதற்கு ஏதோ இருக்கிறது என்பதற்கு 1998லேயே சான்று இருந்தது என்பது மறுபுறம். அந்தச் சான்று எங்கள் தெருவை வந்தடையவில்லை. எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது பெரியப்பாவின் ஒற்றைக்கால்தான்.

பயம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அப்பாவுக்குச் செய்யும் அநியாயம். 2002 முதல் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டில் சர்க்கரை உண்டா என்று தரகர் மூலமாகக் கேட்டனுப்பும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது. பெரியப்பாவைப் பற்றி மறைக்க முடியாது, ஊரறிந்த விஷயம். ஆனால் அப்பாவைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் கிடையாது" என்று அவரால் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்ல முடிந்தது, ஏனெனில் அவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. வாயால் பொய் சொல்லி அறியாத மனிதர் அவர். தெரிந்துகொண்ட பிறகு பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மகளின் சம்பந்தம் தட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் தெரிந்துகொள்ளாமல் இருப்பது ஒன்றே வழி. "ஒன் கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கிருவம்" என்று அவர் சொன்னபோது, அவர் எனக்காகத் தம் காலை அடகு வைக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. 2004இல் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு தம்பியின் படிப்பு, அதற்குப் பிறகு கடைக்குக் கடன். காப்பீட்டுப் படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற கட்டத்துக்கு எதிரே கோடு போடவும் இந்தத் தெரியாமைதான் உதவியது. தெரியாதவன் நேர்மையானவனாகவே இருந்துவிடலாம் என்ற வசதி இருக்கிறதே, அது சாதாரண வசதி இல்லை.

ஆனால் அவருக்கு உண்மையிலேயே தெரியாதா? அம்மா, அப்பா இறந்து வெகுநாள் கழித்து, ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டே எனக்குச் சொன்ன விஷயம் இது. என் கல்யாணத்துக்கும் முன்பிருந்தே, கொல்லையில் அப்பா சிறுநீர் கழிக்கும் மூலையில் எறும்பு மொய்க்கத் தொடங்கியிருக்கிறது. அது எதனுடைய அடையாளம் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவள் தாத்தா காலத்திலிருந்தே ஊரில் எல்லாருக்கும் தெரியும். தினமும் விடியற்காலையில், மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், இரண்டு குடம் தண்ணீரை அங்கே ஊற்றிக் கழுவிவிடுவாளாம். சில நாட்களில் அவள் போகும்போது அந்த இடம் ஏற்கெனவே ஈரமாக இருக்குமாம். அப்பா அவளுக்கு முன்பே எழுந்து ஊற்றியிருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் பல ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு 'அறியாமை' என்ற சொல்லையே நான் வேறு விதமாகப் புரிந்துகொண்டேன். தெரியாமல் இருப்பது சும்மா இருப்பதில்லை. அதற்கு விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். எங்கே பார்க்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பவரால்தான் அந்த இடத்தைத் தவறாமல் தவிர்க்க முடியும். நான் பரிசோதனை நிலையத்தின் முன்னால் மட்டும் வண்டியின் வேகத்தைக் கூட்டியதும் இதே வகைதான்.

2010 வாக்கில் அப்பா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறார். மற்றது வழியில் கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. பாதத்தின் உணர்ச்சி போகத் தொடங்கியவர்களிடம் இது அடிக்கடி காணப்படும் அறிகுறி என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நரம்பு செயலிழக்கும்போது செருப்பு கழல்வது, சூடு படுவது, முள் குத்துவது எதுவும் மேலே போய்ச் சேராது. கால் தெரிவிப்பதை நிறுத்திவிடுகிறது. நாங்கள் அன்று அவருடைய மறதியைச் சொல்லிச் சிரித்தோம், அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். 2011 தை மாதம் மண்டியில் சாக்கு தைக்கும் ஊசியின் உடைந்த முனை ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியது. வீட்டுத் தரையில் படிந்த இரத்தத் தடத்தை அம்மா பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மேலும் மூன்று வாரம் கடைக்குப் போனார். மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியபோது இரத்தச் சர்க்கரை 380க்கு மேல் இருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கிளம்பும்போது, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், இன்சுலினை எவ்வளவு ஏற்ற வேண்டும், காலை எப்படித் துடைக்க வேண்டும் என்று ஒரு செவிலியர் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "இம்புட்டுத்தானாம்மா?" என்றார். அந்த மூன்று விநாடியில் அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் ஓடி ஒளிந்தது எதனிடமிருந்தோ, அது ஒரு சிறிய தாளில் எழுதிவிடக்கூடிய அளவாகவே இருந்தது. அதன்பின் நான்கு ஆண்டுகள் இருந்தார். பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு, வெறும் வயிறு, சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டு பத்தி பிரித்து, ஒரு நாள் விடாமல் எண்களைக் குறித்துவந்தார்.

எல்லா அறிவும் இப்படி ஒரு தாளில் அடங்கிவிடுமா என்றால், அடங்காது. தெரிந்துகொள்ள மறுப்பவரெல்லாம் தவறு செய்கிறார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஹன்டிங்டன் நோய் என்று ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி, உடலின் அசைவையும் சிந்தனையையும் சிறிது சிறிதாகக் குலைத்து, உயிரைக் கொண்டுபோகும். குணப்படுத்த வழி கிடையாது. நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க அறிவியலாளரின் தாய்க்கு 1968இல் அந்த நோய் கண்டறியப்பட்டது. மகள் தம் வாழ்நாளையே அந்த நோயின் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 1979இல் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு முதன்முதலாகச் சென்று, நோய் தலைமுறை தலைமுறையாக ஓடும் குடும்பங்களைச் சந்தித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அந்த உழைப்பின் துணையால் 1983இல் நான்காவது குரோமோசோமில் அதன் அடையாளம் சிக்கியது. 1993இல் மரபணுவே கிடைத்தது. அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உறுதியாகச் சொல்லிவிடும் பரிசோதனை வந்துவிட்டது. அதை உருவாக்கப் பாடுபட்ட அவரும் அவருடைய அக்காவும், தங்கள் விஷயத்தில் அந்தப் பரிசோதனையை நாடி ஓடவில்லை. பரிசோதனை வந்தால் செய்துகொள்வோம் என்று முன்பு சொன்னவர்கள் ஏராளம். வந்த பிறகு பல நாடுகளில் அபாயத்திலிருந்தவர்களில் நாலில் ஒரு பங்கினர்கூட முன்வரவில்லை. தமக்கு அந்த நோய் இருப்பதை நான்சி வெக்ஸ்லர் 2020இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அவரை எந்தப் பழமொழியாலும் நாம் கடிந்துகொள்ள முடியாது. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தம் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது, அல்சைமர் நோயின் அபாயத்தைக் காட்டும் ஒரு பகுதியை மட்டும் தமக்கும் சொல்லாமல் மறைத்துவிடச் சொன்னார். அவருடைய பாட்டி அந்த நோயோடு இறந்தவர். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், உலக அளவில் இது ஓர் உரிமையாகவே ஏற்கப்பட்டிருந்தது: அந்த ஆண்டு யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட மனித மரபணுத் தொகுதி குறித்த பிரகடனம், மரபணுப் பரிசோதனையின் முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கு உண்டு என்கிறது. தெரிந்துகொண்டாலும் கையால் பிடித்துத் திருப்ப ஒரு பிடிகூட இல்லாத உண்மையைத் தள்ளிவைத்துவிட்டு, மீதமிருக்கும் நல்ல நாட்களை அதன் நிழல் படாமல் வாழ்வதென்று ஒருவர் தீர்மானித்தால், அது கோழைத்தனமாகாது.

அப்பா செய்த தவறும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிடி உள்ள ஒரு நோயைப் பிடியில்லாத நோயாக அவர் எண்ணிக்கொண்டார். அவர் சர்க்கரையை ஹன்டிங்டன் நோயைப் போல நடத்தினார். அப்படி நடத்தும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்தது பெரியப்பாவின் மரணம். மருத்துவமனைகளும் அந்தப் பாடத்தை மாற்றி எழுத அதிகம் முயலவில்லை. எத்தனை பேர் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகச் சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, நடையைக் கூட்டிவிட்டுப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் தெரிந்துகொள்ளப் போகவில்லை. திட்டு வாங்காமல் திரும்பப் போகிறார்கள். எண் உயர்ந்திருந்தால் மருத்துவர் பள்ளிக்கூடப் பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டுவார். நானும் வகுப்பில் குறைந்த மதிப்பெண் தாளை நீட்டும்போது அப்படி அதட்டியிருக்கிறேன். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் தாளையே மறைக்கத் தொடங்கினார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையிடம் இந்த இரண்டு நாள் விரதம் செல்லாது. 1968இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் ஒரு மாறுதலைக் கவனித்ததிலிருந்து வளர்ந்த பரிசோதனை அது. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் இரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொள்ளும். என் சீட்டில் மூன்றாவதாக எழுதப்பட்டிருந்ததும் அதுதான், நான் மிகவும் அஞ்சியதும் அதைத்தான்.

ஏன் அஞ்சினேன்? நோய்க்குப் பிடி உண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாத்திரைக்கோ ஊசிக்கோ நான் பயப்படவில்லை. சீட்டைப் பிரிக்காத வரை நான் அப்பாவைக் கவனித்துக்கொண்ட மகள். பிரித்துவிட்டால் அப்பாவின் இடத்தில் உட்கார வேண்டியவள். எனக்கும் கவனித்துக்கொள்ள ஒருத்தி வேண்டியிருக்கும், என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறுவதைத்தான் என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. படித்ததெல்லாம் அந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வரவில்லை. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அத்தனை கோடிப் பேர் இருந்தாலும், இரத்தம் கொடுக்கக் கையை நீட்டும் விநாடியில் ஒருவர் தனியாகத்தான் இருக்கிறார்.

என்னைத் தனிமையிலிருந்து வெளியே எடுத்தது நான் எதிர்பார்க்காத ஓர் ஆள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எங்கள் பகுதிக்கு ஒரு பெண் தன்னார்வலர் வருவார். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பார்த்து முடித்துவிட்டு அவர், "டீச்சர், பெட்டி தெறந்துதான் இருக்கு, ஒங்களுக்கும் ஒரு தடவ பாத்துருவமா? அந்தக் கைய நீட்டுங்க" என்றார். மறுப்பதற்கான வாக்கியம் ஒன்றும் எனக்கு உடனே கிடைக்கவில்லை. விரல் நுனியில் குத்தி, துளி இரத்தத்தைப் பட்டையில் தொட்டு, கருவியைப் பார்த்துவிட்டு, "எரநூத்திப் பன்னெண்டு. மத்தியானம் என்ன சாப்பிட்டீக?" என்று கேட்டார். தேங்காய் சாதம் என்றேன். "சரி, நாளைக்கி வெறும் வயித்துல லேபுக்குப் போயி எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டார். அவர் குரலில் அதட்டலும் இல்லை, இரக்கமும் இல்லை. மிளகாய் விலை சொல்வதுபோல அந்த எண்ணைச் சொன்னார். அம்மா உள்ளே போய் எனக்குச் சர்க்கரை போடாத காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அந்த மௌனத்துக்குள் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமை காலை சீட்டைப் பிரித்துக் கொடுத்தேன். சராசரி 7.6, சர்க்கரை நோய்தான். மகளிடம் அன்றிரவே சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாமளும் சாயங்காலம் நடக்கலாம்மா" என்றாள்.

தம்பிதான் இப்போது மண்டியைப் பார்க்கிறான். நாற்பத்தொரு வயது, அப்பாவின் அதே உடல்வாகு. இதுவரை ஒரு முறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. அவனிடம் நான் பூனையைப் பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அம்மா வீட்டுக்கு வரும் நேரத்தில் கருவியைத் திண்ணையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, அவன் எதிரிலேயே என் விரலைக் குத்தி, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, அப்பாவின் பேரேட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். இரண்டு மாதமாக அவன் அந்த நேரத்தில் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். போன வாரம் பத்திரிகையைத் தாழ்த்தி, "ரொம்ப வலிக்குமாக்கா?" என்று கேட்டான். எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா என்றேன்.